பட்டம் கேட்கும் குழு, பயிற்சி பெறாத களம்: குழந்தைகள் நலப் பணியில் தகுதி என்பது என்ன?

2024 சூன் மாதம், தலித் மக்கள் அதிகம் வாழும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் அரசு அறிவித்தது. ஆனால் அக்குழந்தை யாரிடம் வளர்கிறது, பள்ளிக்குச் செல்கிறதா, உறவினர் வீட்டில் வேலையாளாக மாறிவிட்டதா என்று பார்க்க ஒருவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். அவருக்கு என்ன தகுதி வேண்டும், அதை யார் அளக்கிறார்கள்?

இளைஞர் நீதிச் சட்டம், 2015 மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக்குழுவை அமைக்கச் சொல்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம். குழந்தையைக் குடும்பத்துடன் அனுப்புவதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவெடுப்பது இக்குழுவே. உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தலித் அல்லது பழங்குடி உறுப்பினர் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

2015இல் இக்குழுவில் சேர இரண்டு வழிகள் இருந்தன. குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் சார்ந்து ஏழாண்டுகள் களப்பணி செய்திருந்தாலே போதும். அல்லது உளவியல், சட்டம், சமூகப்பணி போன்ற துறைகளில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்கலாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் வழியில் ஒரு பூட்டுப் போட்டது. இப்போது ஏழாண்டு அனுபவத்துடன் குறிப்பிட்ட துறையில் பட்டமும் வேண்டும். சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்துச் சேரியிலோ, கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியிலோ பத்தாண்டுகள் மாலைப் பள்ளி நடத்தி, இடைநின்ற பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று திரும்ப அழைத்துவந்த பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பட்டம் இல்லையென்றால் இனி அவர் அக்குழுவின் முன் மனுதாரராக நிற்கலாம். உறுப்பினராக அமர முடியாது.

கீழே இறங்கினால் நிலைமை தலைகீழ். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஊர் ஊராகச் செல்பவர் புறத்தொடர்புப் பணியாளர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, ஒப்பந்தப் பணி, மாதம் 10,592 ரூபாய் என்றுதான் ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் வருகின்றன. சமூகப் பணியாளருக்கு 18,536 ரூபாய். குழந்தையை நேரில் சந்திப்பவர்கள் இவர்களே. இவர்களுக்கென முறையான தொழிற்சான்றோ பதிவோ நாட்டில் இல்லை.

சான்றிதழ் மட்டும் வந்தால் போதுமா? இங்கிலாந்தில் 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' அமைப்பில் பதிவு செய்யாதவர் சமூகப் பணியாளர் என்ற பெயரையே பயன்படுத்த முடியாது. தவறிழைத்தால் பதிவை இழப்பார். குழந்தைக்கு அது ஒரு காப்பு. அமெரிக்கா வேறொன்றைக் காட்டியது. அங்கு உரிமத் தேர்வை நடத்தும் அமைப்பு 2022இல் வெளியிட்ட விவரப்படி, மருத்துவநிலைத் தேர்வை முதல் முயற்சியிலேயே வென்றவர்கள் வெள்ளையரில் ஐந்தில் நால்வருக்கும் மேல்; கறுப்பினத்தவரில் பாதிக்கும் குறைவு. 'திறமை' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பேதும் இல்லை.

எனவே சான்றிதழில் எதைச் சோதிக்கிறோம் என்பதே முதல் கேள்வி. பட்டியல் சாதிக் குழந்தையைச் சாதி இந்து ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினால், போக்சோ சட்டத்துடன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர்க்கப்பட வேண்டும். சேர்த்தால் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலான அதிகாரி விசாரிப்பார். 1995ஆம் ஆண்டு விதிகளின்படி வழக்கு முடியும் முன்பே நிவாரணத்தில் ஒரு பகுதி வர வேண்டும். இதை அறியாத பணியாளர் எத்தனை கனிவானவராயினும் குடும்பத்தின் உரிமை பறிபோகும். வளர்ச்சி உளவியல் பாடத்துக்குக் குறையாத இடம் இதற்கு வேண்டும். மலையாளிப் பழங்குடிப் பிள்ளையிடம் சாதிச் சான்று இல்லாதபோது என்ன செய்வது என்பதும் அப்படியே.

கட்டணம் வாங்கி நகரத்தில் நடத்தும் வகுப்பாக அது இருந்துவிடக் கூடாது. கொத்தனாருக்கும் தையற்காரருக்கும் ஏற்கெனவே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று வழங்கும் முறையை ஒன்றிய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. களப்பணியாளருக்கும் அதை அரசு செலவில் விரிக்கலாம். சான்று பெற்றவருக்கு ஊதிய உயர்வும் பணி நிலைப்பும் தரலாம். நலக்குழுவைப் பொறுத்தவரை, பட்டத்துக்கு மாற்றாக அச்சான்றை ஏற்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. நலக்குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுகள். நம் மாவட்டக் குழுவிலும் பாதுகாப்பு அலகிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி தரப்பட்டது, அதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இடம்பெற்றதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.