மீன் கழிவும் தட்டாம்பயறும்



ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம்ம ராஜபாளையத்து மீன்கடைகளில் நிற்க இடம் இருக்காது. நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. ஆனாலும் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் கடல்மீன் வந்துவிடுகிறது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் கட்லா, ரோகு, கெண்டையும் கிடைக்கும். மீனை நாம வாங்கிட்டுப் போயிடுறோம். வெட்டிப்போட்ட தலை, குடல், செதில், செவுள் எல்லாம் எங்கே போகிறது? பாதி சாக்கடைக்கு, பாதி நாய்க்கு. அந்தக் கழிவைப் பயறுச் செடிக்கு உரமாக்கலாம். நான் செய்து பார்த்தேன். தப்பாகவும் செய்தேன். இரண்டையும் எழுதுகிறேன்.

மீன் அமிலம்

மீன் கழிவையும் வெல்லத்தையும் சேர்த்துப் புளிக்க வைத்தால் கிடைக்கும் கரைசலை மீன் அமிலம் என்கிறோம். கொரியா நாட்டில் சோ ஹான்-கியூ என்பவர் பரப்பிய இயற்கை விவசாய முறையில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டிலும் இயற்கை விவசாயிகள் பலர் இதைத் தெளிக்கிறார்கள்.

செய்முறை

1. மீன் கழிவு 1 கிலோ, பொடித்த வெல்லம் 1 கிலோ எடுத்துக்கொள்ளவும். கருவாட்டுக் கழிவு கூடாது. அதில் உள்ள உப்பு செடிக்கு ஆகாது.
2. பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலக்கவும். தண்ணீர் ஊற்றக் கூடாது.
3. ஈ புகாமல் மூடி நிழலில் வைக்கவும். பாத்திரம் நிறைய வைக்காமல் கொஞ்சம் இடம் விடவும். காற்று உண்டாகும், அதனால் அவ்வப்போது மூடியைத் தளர்த்தி மூடவும்.
4. சுமார் 21 நாளில் தேன் மாதிரிக் கரைசல் கிடைக்கும். வடிகட்டவும். மிஞ்சிய எலும்பைக் குப்பைக்குழியில் போட்டால் அதுவும் மெதுவாக மக்கி உரமாகும்.

வெல்லம் கழிவில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. அழுக வைக்கும் கிருமிகள் அவ்வளவு இனிப்பில் பெருக முடியாது. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும், மீன் குடலில் உள்ள நொதிகளும் சேர்ந்து புரதத்தை அமினோ அமிலமாக உடைக்கின்றன. சரியாக வந்தால் நாற்றம் போய்ப் பழம் புளித்த வாசனை வரும்.

என் முதல் தப்பு: வெல்லம் விலை அதிகம் என்று கால் கிலோதான் போட்டேன். ஒரு வாரத்தில் புழு வைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை சண்டைக்கே வந்துட்டாங்க.

இரண்டாவது தப்பு

இதுதான் பெரிசு. எங்க அம்மாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குப் பின்னாடி தட்டாம்பயறு போட்டிருந்தாங்க. அந்தக் காயை வித்துத்தான் அவங்க கைச்செலவு. இரண்டாவது தடவை நல்லா வந்த மீன் அமிலத்தை எடுத்துட்டுப் போய், இரண்டு வரிசைக்கு மட்டும் ஊத்துறேன்னு கேட்டேன். சரின்னாங்க. அதிகம் ஊத்தினா அதிகம் காய்க்கும் என்று நினைத்து, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் கலந்து வாரம் இரண்டு தடவை வேரில் ஊற்றினேன். கொடி தளதளவென்று வளர்ந்தது. இலை கரும்பச்சை. ஆனால் காய்? மற்ற வரிசையில் பாதிகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்க அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கச் சொன்னார்கள். ஊற்றாத செடி வேரில் கடுகும் மிளகும் போல நிறைய முண்டு முண்டாக இருந்தது. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நான் ஊற்றிய செடியில் நாலைந்து முண்டுதான், உள்ளே வெள்ளை.

அவை வேர்முடிச்சுகள். அதற்குள் ரைசோபியம் பாக்டீரியா இருக்கிறது. 1888-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் இதைப் பிரித்தெடுத்தார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் செடி அதை நேராக எடுக்க முடியாது. இந்தப் பாக்டீரியா அதை உணவாக்கிச் செடிக்குக் கொடுக்கும், செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். முடிச்சு சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து நைட்ரஜனை அள்ளிக் கொடுத்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். இலைதான் கொழுக்கும்.

அம்மாச்சியிடம் இதைச் சொன்னேன். அவங்க திட்டவில்லை. "பசிக்காத பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டே இருந்தா, அது எப்படித் தானா எடுத்துச் சாப்பிடும்?" என்றார்கள். நான் ஒரு பக்கம் எழுதியதை அம்மாச்சி ஒரு வரியில் சொல்லிட்டாங்க.

அப்ப எவ்வளவு?

10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. அதற்கு மேல் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும். பூக்கும் சமயத்தில் ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை. பயறுக்கு இது போதும். நெல், வாழை, காய்கறிக்குத் தானாக நைட்ரஜன் செய்யத் தெரியாது. அதனால் அவற்றுக்கு இன்னும் சில தடவை கொடுக்கலாம்.

இந்தத் தடவை அம்மாச்சியே வாளியை என்னிடம் கொடுத்து, "நாலு வரிசைக்கு அடி" என்றார்கள். அளந்துதான் அடிக்கப் போகிறேன்.

உங்கள் வீட்டில் உளுந்தோ, பாசிப்பயறோ, தட்டாம்பயறோ இருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். சிவப்பா, வெள்ளையா? எனக்கும் வந்து சொல்லுங்கள்.

கழிவை உரமாக்குவோம்! அளவோடு கொடுப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி