ஸ்டார்ட் பட்டன் எங்கே போனது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதனால் பல வீடுகளிலும் கடைகளிலும் விண்டோஸ் 11 வந்துவிட்டது. வந்த அன்றே புகாரும் வருகிறது. இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவில் நிற்கிறது. வலது கிளிக் செய்தால் பழைய பட்டியலில் பாதிதான் தெரிகிறது.

காஞ்சிபுரத்தில் ஜவுளிக் கடைக் கணக்கு பார்க்கும் ஒரு அத்தா தடுமாறினால், "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். இது நியாயமே இல்லை. பல வருடமாக ஒரே மூலைக்குப் போய்ப் பழகிய கை அது. இடத்தை மாற்றியது அவரல்லவே!

இளைஞர்களும் இப்படித் தடுமாறியவர்கள்தான். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அந்தப் பட்டனையே எடுத்துவிட்டார்கள். பல நாடுகளிலும் எதிர்ப்பு கிளம்பியது. 2013-ல் 8.1 வந்தபோது பட்டன் திரும்பியது. பழைய மெனு திரும்ப 2015 வரை, அதாவது விண்டோஸ் 10 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த முறை காத்திருக்க வேண்டாம். கீழே உள்ள டாஸ்க்பாரில் வலது கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' திறங்கள். 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் 'அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்கினால் பட்டன் பழைய மூலைக்கே வந்துவிடும். முழுப் பட்டியலும் வேண்டுமா? ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்யுங்கள்.