எல்லாருக்கும் பொதுவான எண்

"தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை எங்கே வைப்பது? பக்கம் முடிந்ததும் மாறிகள் எல்லாம் அழிந்துபோகின்றனவே" என்று நிரலாக்கம் பயிலும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

1996 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏஎஸ்பி என்ற வலைநிரலாக்க நுட்பம் இதற்கென்றே 'அப்ளிகேஷன்' என்ற ஒன்றைத் தந்தது. அதிலுள்ள 'செஷன்' என்ற இன்னொன்றில் வைப்பது ஒருவருக்கு மட்டும். அப்ளிகேஷனில் வைப்பது தளத்துக்கு வரும் அத்தனை பேருக்கும். எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரும் இப்படித்தான்: சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வாங்காத நாள் என்று வீட்டில் யாரும் எழுதலாம், யாரும் பார்க்கலாம்.

யாரும் எழுதலாம் என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. எண் 100-ல் நிற்கிறது என்று வையுங்கள். ஒரே சமயத்தில் இருவர் வருகிறார்கள். முதலாமவருக்கான பக்கம் 100-ஐப் படிக்கிறது. அது ஒன்றைக் கூட்டி எழுதுவதற்குள் அடுத்தவருக்கான பக்கமும் அதே 100-ஐப் படித்துவிடுகிறது. இரண்டுமே 101 என்று எழுதுகின்றன. வந்தவர் இருவர், ஏறியதோ ஒன்று. பிழைச்செய்தி எதுவும் வராது. அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

இதற்குத்தான் 'அப்ளிகேஷன்.லாக்' என்ற பூட்டு. எழுதும்போது பூட்டினால் போதாது, படிப்பதற்கு முன்பே பூட்ட வேண்டும். எனக்கு வியப்பான விஷயம் இன்னொன்று: மாறிக்கு ஒரு பூட்டு என்று கிடையாது, அப்ளிகேஷன் முழுவதற்கும் ஒரே பூட்டு. எண்ணிக்கைக்காகப் பூட்டினால், அதே அப்ளிகேஷனில் வைத்திருக்கும் ஓர் அறிவிப்பு வாசகத்தை மாற்ற வந்த பக்கமும் காத்து நிற்கும். 'அன்லாக்' எழுத மறந்தாலும் பக்கம் முடியும்போது பூட்டு தானே திறந்துகொள்ளும். இந்தச் சலுகைதான் பலரைச் சோம்பேறி ஆக்கியது. பூட்டைப் போட்டுவிட்டுத் தரவுத்தளத்தில் நிதானமாகத் தேடுவார்கள். தளம் ஊர்கிறதே என்று சர்வரைக் குறை சொல்வார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வாடிக்கையாளரின் பெயரையும் கூடையையும் அப்ளிகேஷனில் போடுவது. ஒருவர் வாங்கியது இன்னொருவர் திரையில் தெரிந்துவிடும். தவிர, இவை எல்லாம் சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருப்பவை. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் ஒன்றும் மிஞ்சாது.

பிஎச்பி என்ற வலைநிரல் மொழியில் இப்படி ஒரு பொது இடமே இயல்பாகக் கிடையாது. இன்று பலரும் இதற்கு ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தை நாடுகிறார்கள். அதன் 'இன்கர்' கட்டளை படிப்பதையும் கூட்டுவதையும் எழுதுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவதால், நடுவே இன்னொருவர் நுழைய இடமில்லை.

கருவி எதுவானாலும் ஒழுங்கு ஒன்றுதான். எல்லாருக்கும் உரியதை மட்டும் பொதுவில் வையுங்கள். பூட்டினால் ஓரிரு வரியில் வேலையை முடித்துத் திறந்துவிடுங்கள். தொலையக்கூடாத கணக்கைத் தரவுத்தளத்தில் எழுதுங்கள்.