ஏமாளியின் பக்கம் நின்ற நகைச்சுவை: கெமால் சுனால்

துருக்கியத் திரையுலகில் கெமால் சுனாலைப் போல மக்களின் அன்பைப் பெற்ற நகைச்சுவை நடிகர் வேறொருவர் இல்லை என்றே சொல்லலாம். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அவருடைய படங்கள் அந்நாட்டுத் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஒளிபரப்பாகின்றன.

1944இல் இஸ்தான்புல்லில் எளிய குடும்பத்தில் பிறந்த சுனால், பள்ளிப் பருவத்திலேயே நாடகத்தில் ஈடுபட்டு, அரசியலையும் சமூகத்தையும் கேலி செய்யும் சிறு நாடகங்களை நடத்திய ஒரு குழுவில் தேர்ச்சி பெற்றார். 1972இல் இயக்குநர் எர்தெம் எயில்மெஸ் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். படக் கம்பெனிகள் நிறைந்திருந்த தெருவின் பெயரால் 'யெஷில்சாம்' என்று அழைக்கப்பட்ட துருக்கிய வணிக சினிமா, ஆண்டுக்குச் சுமார் 300 படங்களைத் தயாரித்துக் குவித்த காலம் அது. ரிஃபத் இல்காஸின் நாவலைத் தழுவி 1975இல் வெளிவந்த 'ஹபாபாம் சினிஃபி'யில், குறும்புக்காரர்கள் நிறைந்த விடுதிப் பள்ளியின் மாணவன் ஷாபானாக அவர் நடித்தார். அந்தப் பெயர் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

நீண்ட முகமும், பெரிய பல்வரிசை தெரியும் வெள்ளந்திச் சிரிப்பும் கொண்ட அவரை வெறும் கோமாளியாகக் கருதிய விமர்சகர்கள், அவர் யாரையெல்லாம் திரையில் நிறுத்தினார் என்பதைக் கவனிக்கத் தவறினார்கள். கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் பெருநகரங்களுக்குக் குடிபெயர்ந்த அந்த ஆண்டுகளில், அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் குடும்பத்தோடு ஒடுங்கி வாழ்ந்து, விடியற்காலையில் வீடுவீடாக ரொட்டியும் செய்தித்தாளும் கொடுத்து, குளிர்காலத்தில் நிலக்கரி உலையை அணையாமல் காக்கும் கட்டடப் பணியாளரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவரை நாயகனாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. 1976இல் செகி ஓக்தென் இயக்கிய 'கபிஜிலர் க்ராலி'யில் அப்படியொருவராகவே சுனால் வாழ்ந்து காட்டினார். குடியிருப்போரின் பாசாங்குகளையெல்லாம் அறிந்த அந்த எளியவன், அவர்களுடைய தந்திரத்தாலேயே அவர்களை வென்று மேலே வருகிறான். இந்த வேடத்துக்காக அந்தால்யா திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது மிகப் பொருத்தமே. 1978இன் 'கிபார் ஃபெய்சோ'வோ, மணமகன் வீட்டார் பெண்வீட்டாருக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தையும், கிராமத்தையே தன் சொத்தாக ஆண்ட நிலக்கிழாரையும் நேராகவே தாக்கியது. பார்வையாளர்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததைவிட அவரோடு சேர்ந்து சிரித்ததே அதிகம்.

எண்பதுகளில் வந்த படங்களில் சில அவசரத் தயாரிப்புகளே. எனினும் நடுவயதில் அவர் மீண்டும் கல்வியை நாடி, மர்மரா பல்கலைக்கழகத்தில் வானொலி, தொலைக்காட்சி, சினிமாத் துறையில் பட்டம் பெற்று, முதுகலை ஆய்வேட்டுக்குத் தம் நகைச்சுவையையே பொருளாக எடுத்துக்கொண்டார். தம் தொழிலை அவர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விமானப் பயணத்துக்கு அஞ்சிய அவர், 'பாலலைக்கா' படப்பிடிப்புக்காக 2000 ஜூலை 3 அன்று திராப்சோன் செல்லும் விமானத்தில் ஏறி, அது புறப்படும் முன்பே மாரடைப்பால் 55 வயதில் காலமானார். அவர் ஏற்கவிருந்த வேடத்தை உகுர் யூஜெல் ஏற்க, படம் அதே ஆண்டில் வெளிவந்தது.