அலாரம் உள்ள காரில் ரேடியோ பொருத்துதல்

இரவு இரண்டு மணி. லயத்தின் முன்னால் நிற்கும் கார் தானாக அலறுகிறது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். திருடனைக் காணோம். முந்தின நாள் மாலையில் அந்தக் காரில் புதிய ரேடியோ மாட்டினார்கள், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் நாங்களே கண்ட சங்கதி இது. பிரித்துப் பார்த்தபோது, ரேடியோவின் வயரை அலாரத்துக்கு மின்சாரம் தரும் வயரோடு முறுக்கி நாடா சுற்றியிருந்தார்கள். முறுக்குத் தளர்ந்து, மின்சாரம் விட்டு விட்டு வந்தது. யாரோ தன் வயரை அறுக்கிறார்கள் என்று அலாரம் எடுத்துக்கொண்டது.

அலாரத்துக்குக் கண் இல்லை. கதவிலுள்ள சுவிட்சையும் அதிர்ச்சியையும் கொண்டுதான் அது ஆளை அறிகிறது. சில பழைய அலாரங்கள் பேட்டரியின் அழுத்தத்தையே கவனிக்கும். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும். அழுத்தம் சற்றே இறங்கும். உடனே சைரன் கத்தும். ஆகவே ரேடியோவுக்குத் தனி வழி வேண்டும்.

கடையில் வாங்கும் ரேடியோவில் பெரும்பாலும் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்குப் போகும். கடிகாரமும் நிலைய நினைவும் இதனால்தான் நிற்கின்றன. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு. கறுப்பு, காரின் இரும்பு உடலுக்கு. ஆனால் காரில் ஏற்கெனவே உள்ள வயர்களின் நிறம் இப்படி இராது. மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முடிந்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கலாம். அது ஓர் ஆம்பியர் இழுத்தாலும், பத்து மணி நேரத்தில் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். காலையில் பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோக நினைக்கும்போதா இது தெரியவேண்டும்?

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த கஞ்சில் போன்ற பழைய கார்களில் அலாரம் பெரும்பாலும் பிற்பாடு கடையில் பொருத்தியதே. அதன் வயர்கள் சாவித் துவாரத்தின் பின்னால், இஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் வயரோடு கலந்து கிடக்கும். எது எதுவென்று தெரியாமல் ஒன்றை வெட்டினால் கார் கிளம்பாது. புதிய கார்களில் இன்னொரு ஆபத்து: மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்போ உள்ளவை காற்றுப்பையினுடையவை. ரேடியோவின் மஞ்சள் என்று நினைத்து அதில் கை வைக்கவே கூடாது.

வேலை தொடங்குமுன் அலாரத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுங்கள். சைரனுக்குச் சொந்த பேட்டரி இருந்தால் அதன் சாவியாலேயே நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய மறுகணம் கத்தும். முனையை மீண்டும் மாட்டும்போது சில அலாரங்கள் கதவுகளைப் பூட்டிவிடும். எனவே கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியும் ரிமோட்டும் கையில் இருக்கட்டும்.

முடிந்ததும் காரைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அலாரம் சும்மா இருந்தால், கதவைத் திறந்து அது கத்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதை மாலை ஆறு மணிக்குச் செய்வது நல்லது. இரவு பத்து மணிக்கு வேண்டாம்.