கல்லில் எழுந்த ஜெபாலயம்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர்க்குக் கற்பணி புதிதன்று. 8ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் நாமக்கல் மலையில் அமைத்த குடைவரைகளையும், தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களையும் நம் மாணவர் கண்டு வியந்திருப்பர். அதே கல்மரபு கிறித்தவ வழிபாட்டிடமாகவும் உருக்கொண்டதை அறிந்தோர் சிலரே.

1911 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பத்தூரில், 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. நிறுவியோர் இருவரும் மருத்துவர்: தமிழரான சவரிராயன் இயேசுதாசன், ஸ்காட்லாந்தினரான ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். மக்களுக்கு முன்னவர் பெரியண்ணன், பின்னவர் சின்னண்ணன். கதர் உடுத்திச் சிற்றூரார்க்கு மருத்துவம் செய்தனர். 1932இல் சென்னைக் கடைத்தெருவில் நின்ற சின்னண்ணனைக் காவலர் தடியால் அடித்தனர் என்பதும் வரலாறு.

இவர்கள் எடுத்த ஜெபாலயத்தில் கூர்வளைவுச் சாளரமோ, ஐரோப்பிய மணிக்கூண்டோ இல்லை. கோபுரமும் கற்றூண் மண்டபமுமே உள்ளன. தரையில் அமர்ந்தே தொழுகின்றனர்.

இதிலுள்ள சிக்கலை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோயிலின் உயிர்நிலை கருவறை. அது சிறியது, இருள் சூழ்ந்தது. கூடித் தொழுவோர்க்கோ மண்டபமே முதன்மையானது. கருங்கல் எத்துணைச் சுமையையும் தாங்கும். ஆனால் நீண்ட உத்திரமாகக் கிடத்தினால் தன் எடையாலேயே முறியக்கூடும். ஆதலின் தூண்களை நெருக்கமாக நிறுத்தி, அவற்றின் தலையில் போதிகை வைத்து இடைவெளியைக் குறைப்பர்.

இச்சிக்கலை நம் முன்னோர் முன்பே தீர்த்துவிட்டனர். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியில் தூண், போதிகை, தட்டையான கற்கூரை யாவும் கோயிற் கட்டுமானமே. உருவங்கள் மட்டும் இல்லை. பூவும் கொடியும் கோலமுமே உளிக்கு வேலை தந்தன. தூண்களின் இடைவெளியிலேயே தொழுகை அணிகள் அமைந்துவிடுகின்றன. வளைவு இன்றியமையாததன்று.

“கோயில்போல் உள்ளதே” என்போர் இரு சமயத்தாரிலும் உண்டு. நம் கருத்தில், போதிகைக்குச் சமயம் இல்லை. அது கற்றச்சரின் அறிவு. இன்றோ பல ஊர்களில் பழைய கல்மண்டபத்தை அகற்றிவிட்டுக் கான்கிரீட் குவிமாடம் எழுப்புகின்றனர். அவ்வாறு பெயர்த்த தூண்கள் ஒரு பள்ளியின் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லாகக் கிடப்பதை நாமே கண்டோம்.