‘டாம்ப்’ என்னும் சொல் ஈரத்தை மட்டுமா குறிக்கும்?

ஆங்கிலத்தில் ‘டாம்ப்’ என்பது அன்றாட வழக்கிலுள்ள சொல். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரையும், முற்றும் உலராத துணியையும் அச்சொல்லால் குறிப்பர். தமிழில் ‘ஈரம்’ என்று எழுதிவிட்டால் போதுமெனத் தோன்றும். ஆனால் விஞ்ஞான நூல்களில் அவ்வாறு எழுதுவது பல இடங்களில் பிழையாகும்; நிலக்கரிச் சுரங்கம் பற்றிய நூலிலோ அப்பிழை உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மூலப் பொருள்

இச்சொல் முதலில் ஆவியைக் குறித்தது. இதற்கு இனமான ‘டாம்ப்ஃப்’ என்னும் ஜெர்மன் சொல் இன்றும் நீராவியையே குறிக்கிறது. ஆங்கிலத்திலும் ஆவி, மூடுபனி, நச்சுக் காற்று ஆகிய பொருள்களே முந்தியவை. ஈரக் கசிவு என்னும் பொருள் பிற்காலத்தது. பொதுவழக்கில் பழைய பொருள் மறைந்தபோதிலும், சுரங்கத் தொழிலாளர் அதனைக் கைவிடவில்லை.

சுரங்கத்தில் ‘டாம்ப்’

‘ஃபயர்-டாம்ப்’ என்பது பெரும்பாலும் மீதேன் வாயுவாகும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது, சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். ‘பிளாக்-டாம்ப்’ என்பது கரியமில வாயுவும் நைட்ரஜனும் மிகுந்து, பிராணவாயு குறைந்த காற்று. வெடிப்புக்குப் பின் சுரங்கத்தில் நிறையும் நச்சுக் கலவை ‘ஆஃப்டர்-டாம்ப்’ எனப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, வெடிப்பிற்குத் தப்பியவர்களையும் கொல்லவல்லது. சுரங்க வெடிப்புகளில் பலர் மாண்டது அதிர்ச்சியாலன்று, இந்த வாயுவாலேயே என்பதை ஜே. எஸ். ஹால்டேன் 1896ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார்.

1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின் ஹம்ஃப்ரி டேவி தமது காப்பு விளக்கை அமைத்தார். அதன் சுடரைச் சூழ்ந்த கம்பி வலை வெப்பத்தைப் பரப்பிக் குறைத்துவிடுவதால், தீ வெளியே தாவுவதில்லை. மீதேன் கலந்த காற்றில் சுடரின்மேல் நீல நிற முடி தோன்றும். பிராணவாயு மிகக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும். இவ்வாறு விளக்கே அபாயத்தை அறிவிக்கும் கருவியுமாயிற்று. எனினும் விபத்துகள் அடியோடு ஒழியவில்லை. 1958இல் மேற்கு வங்காளத்தின் சினாகுரி சுரங்க வெடிப்பில் 176 பேர் மாண்டனர்.

அடக்கும் பொருள்

ஆவி மூச்சைத் திணறச் செய்வதால், ‘டாம்ப்’ என்பது அடக்குதல், தணித்தல் என்னும் வினைப்பொருளும் பெற்றது. கொதிகலனுக்குச் செல்லும் காற்றைக் குறைத்து நெருப்பைத் தணிக்கும் தகடு ‘டாம்பர்’ எனப்படும். பியானோவின் கம்பிமீது படிந்து ஒலியை நிறுத்தும் கம்பளித் துண்டிற்கும் அதே பெயர். வீச்சு குறைந்துகொண்டே வரும் அசைவைப் பௌதிக நூல்கள் ‘தடையுறு அலைவு’ என்கின்றன. 2000ஆம் ஆண்டில் லண்டனில் திறக்கப்பட்ட மிலேனியம் பாலம், நடப்போரின் காலடியால் பக்கவாட்டில் ஆடியமையால் மூடப்பட்டது. தணிப்பான்கள் பொருத்தியபின் 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது. அக்கருவிகளுக்கும் ஈரத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஈரமே பொருளாகும் இடங்கள்

கட்டடக் கலையில் இச்சொல் ஈரத்தையே குறிக்கும். நிலத்து நீர் செங்கற்களின் நுண்துளைகள் வழியே மேலேறாதபடி அடித்தளத்தின்மீது அமைப்பது ஈரத்தடுப்பு அடுக்கு. வேளாண்மையில், நீர் தேங்கிய நாற்றங்காலில் பூஞ்சைகளால் இளம் நாற்றுகள் சாய்ந்து மடியும் நோய்க்கு ‘டாம்பிங்-ஆஃப்’ என்று பெயர். தமிழில் அது ‘நாற்றழுகல்’ ஆகும்.

ஆகவே, மொழிபெயர்ப்போர் அகராதியைப் புரட்டுமுன், அச்சொல் சுட்டும் பொருள் யாதென அறிதல் வேண்டும். ‘ஆஃப்டர்-டாம்ப்’ என்பதைப் ‘பின் ஈரம்’ என எழுதினால், அதைப் படிக்கும் தொழிலாளி தண்ணீருக்கு அஞ்சுவான், காற்றுக்கு அஞ்சமாட்டான். ‘வெடிப்புக்குப் பின் நச்சுக் காற்று’ என எழுதினால் சொற்கள் சற்று மிகும். ஆனால் எச்சரிக்கை உரியவரைச் சென்றடையும்.